படுதாவின் உள்பக்கம்

மூக்காண்டி அண்ணாச்சியின் சட்டை தையல் மிஷினில் இருந்தது. ஆடித் தபசு அன்று காலையில் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாமி பார்க்கப் போவதற்குள் சட்டை வேண்டும் என்று நிற்கிற ஆட்கள் அந்தத் தெருவில் நாலைந்து பேர் உண்டு. அவர்களில் மூத்தவர் அவர். வள்ளித்தாய் திட்டிக்கொண்டேதான் துணியை வாங்கினாள், திட்டிக்கொண்டேதான் வெட்டினாள். மார்பில் பை வைத்தாகிவிட்டது. பக்கத் தையல் போடுவதற்காகச் சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் பலகையில் விரித்தாள். இடது பக்கம் வைத்த பை வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிஷினோடு கிடக்கிறவளுக்கு இது புதிதா என்ன? உள்பக்கத்தைத் திருப்பினால் இடம் வலமாகத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. சக்கரம் தானாகச் சுற்றி ஓய்ந்தது.

"படுதா" என்றாள் வாய்விட்டு. வீட்டில் யாரும் இல்லை.

படுதா என்றால் அந்த வருஷம் சங்கரன்கோவிலில் அந்தத் தெருவுக்கு ஒரே படுதாதான். எமர்ஜென்சி முடிந்து மூன்றாம் வருஷம். கூலி கூட்டச் சொல்லி விசைத்தறிகளை நிறுத்திப் போராடி, அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்து, கடைசியில் முதலாளிமார் இறங்கிவந்த சந்தோஷம் தெருவுக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எதிலாவது காட்டவேண்டுமே. கோயில் ராஜகோபுரத்தைத் துணியிலேயே செய்து, தபசு அன்று அம்பாள் சப்பரம் வருகிற வழியில் தெருமுனையில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு துணி. அவரவர் தறியில் நெய்தது, அவரவர் கையால் சாயம் போட்டது. ஒன்பது நிலைக் கோபுரத்தையும், கீழே அதன் வாசலில் நிற்கிற சங்கரநாராயணரையும் சைன்போர்டு எழுதுகிற முகம்மது ஹுசைன் குடோன் தரையில் சுண்ணாம்பால் முழு அளவுக்கு வரைந்து கொடுத்தார். அந்தக் கோட்டின்மேல் துணிகளைப் பரப்பி, வெட்டி, ஒட்டுச்சேர்த்துத் தைத்தது வள்ளித்தாய். சாமிக்குக் கண், மூக்கு, நகை எதுவும் கிடையாது. வலப்பாதி சிவன், சிவப்பு. இடப்பாதி பெருமாள், நீலம். அவ்வளவுதான். அந்த ஊரில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் அது போதும்.

அங்கேதான் வினை. தைக்கிறவள் எப்போதும் துணியின் உள்பக்கத்தைத் தன்னைப் பார்க்க வைத்துத்தான் தைப்பாள். ஒட்டுத்தையலும் பிசிறும் தன் பக்கம் இருக்கும், நல்ல பக்கம் தரையைப் பார்த்துக் கிடக்கும். வள்ளித்தாய் ஹுசைன் வரைந்த கோட்டின்மேல் அத்தனை துணியையும் அப்படித்தான் கவிழ்த்துப் போட்டிருந்தாள். யோசித்துச் செய்யவில்லை, யோசிக்காததுதான் தப்பு. சாரல் தூறிக்கொண்டிருந்ததால் தைத்து முடித்த கையோடு படுதாவைச் சுருட்டிவிட்டார்கள். நல்ல பக்கத்தை யாரும் விரித்துப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் கோபுரத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது, அதற்கு இடமும் வலமும் ஒன்றுபோலத்தான். ஆனால் வாசலில் நிற்கிறவர் அப்படி இல்லை. நல்ல பக்கத்தை வெளியே காட்டித் தொங்கவிட்டால் பெருமாள் சிவனுடைய இடத்தில் நிற்பார், சிவன் பெருமாள் இடத்தில் நிற்பார்.

எழுந்து தண்ணீர் குடித்தாள். யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று காதில் கேட்கவே ஆரம்பித்துவிட்டது. முதலில் அவளைச் சொல்லமாட்டார்கள், அதுதான் கொடுமை. 'துலுக்கன வரையச் சொன்னா இப்படித்தாம்வே வரைவான்' என்று எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பான். மனுஷன் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து, செருப்பைக் குடோன் வாசலிலேயே கழற்றிப்போட்டு, முழங்கால் தேய வரைந்தவர். சாமி இருக்கிற இடத்தில் கோடு போட வந்தபோது மட்டும் கோயில் வரைக்கும் போய் வெளியே நின்றபடி இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு வந்தார், வலம் எது, இடம் எது என்று. அவர் போட்ட கோடு சரி. சுண்ணாம்பைக் கழுவி விட்டாயிற்று. இனி அதை யாரிடம் காட்டுவது?

படுதாவைத் திருப்பிக் கட்டினால் தீர்ந்தது, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. சாயம் இரண்டு பக்கமும் ஏறிய துணிதான், நிறத்துக்குக் குறைவில்லை. பிசிறு தெரியும், தெரிந்தால் தெரியட்டும். இவ்வளவு சுலபமான வழி இருந்தும் அவள் தயங்கியதற்குக் காரணம் வேறு. உள்பக்கத்தில்தான் ஒவ்வொரு துணியின் மூலையிலும் குஞ்சம் தொங்கியது.

சாயப்பட்டறையில் ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுத் துணியோடு கலந்துவிடக் கூடாது என்று தறிக்காரர்கள் மூலையில் கலர்நூல் குஞ்சம் முடிந்து வைப்பார்கள், சாண் நீளத்துக்கு. வீட்டுக்கு ஒரு நிறம். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் மூக்காண்டி, வெறும் பச்சை என்றால் சீனியம்மாள். பெயர் எழுதத் தெரியாத காலத்து வழக்கம், எழுதத் தெரிந்த பிறகும் போகவில்லை. சாமியின் நீலப்பாதியில் தொங்கிய குஞ்சம் சிவப்பும் மஞ்சளும் முறுக்கியது. அது சிவனாண்டி வீட்டு அடையாளம்.

சிவனாண்டி வீட்டோடு தெருவில் யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. தறிகளெல்லாம் நின்று கிடந்த நாட்களில் ஒரு ராத்திரி அவன் வீட்டுத் தறி மட்டும் ஓடியது. விசைத்தறிச் சத்தத்தைக் கதவைச் சாத்தி மறைக்க முடியுமா? மழைக்காலம், கஞ்சி போட்ட பாவு நூல் தறியிலேயே கிடந்து பூசணம் பிடிக்கப்போகிறது, ஒரு சேலைக்குத்தான் மிச்சம், ஓட்டித் தீர்த்துவிடுவோம் என்று கை அரித்து ஓட்டினதாக அவன் சொன்னான். பாவு தறியில் அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தறிக்காரனுக்கும் மனசு வராது, அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவனுக்குக் காது கொடுக்க ஆள் இல்லை. கருங்காலி என்று சங்கத்தில் எழுந்து நின்று முதலில் சொன்னது கருத்தப்பாண்டி. சங்கச் செயலாளர். வள்ளித்தாயின் புருஷன்.

படுதாவுக்கு நீலம் சீனியம்மாள் வீட்டுப் பங்கு. சாயம் சரியாகப் பிடிக்காமல் துணி திட்டுத்திட்டாக வெளுத்துப் போயிற்று. மறுபடி போட நேரமில்லை. வள்ளித்தாய் யாரிடமும், சீனியம்மாளிடம்கூடச் சொல்லாமல், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிவனாண்டி வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி பார்வதியம்மாளும் அவளும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவர்கள். தலைப்பிரசவத்துக்கு ஒருத்திக்கு ஒருத்தி காவல் இருந்தவர்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எதிரே வந்தால் இவள் குனிந்துகொள்வாள், அவள் நிமிர்ந்தே போவாள்.

"நீலத்துணி இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டாள் வள்ளித்தாய். வேறு எதைக் கேட்க முகம் இருந்தது?

பார்வதி உள்ளே போய், தகரப்பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்துவந்தாள். மடிப்புக் கலையாத சேலை.

"அன்னைக்கு ராத்திரி நெஞ்சது இதுதான். முதலாளிக்குக் கொண்டுபோயிக் குடுக்க இவுகளுக்குக் கால் வரல. உடுத்த எனக்கு மனசு வரல. சாமிக்கு ஆவும்னா எடுத்துட்டுப் போ."

வள்ளித்தாய் கை நீட்டினாள். பார்வதி சேலையை உடனே விட்டுவிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. குஞ்சத்த அறுத்துராத."

"யாராவது பாத்துட்டா என் கெதி என்னாவும்ட்டி?"

"உள்பக்கத்துல கெடக்கது யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? எல்லாரு வீட்டுதும் அங்கன இருக்குல்லா. எங்க வீட்டுதும் இருந்துட்டுப் போவட்டும்."

வள்ளித்தாய் தலையாட்டிவிட்டு, சேலையைக் காலிக்குடத்துக்குள் திணித்துக்கொண்டு வந்தாள். அந்தத் தலையாட்டல் இப்போது வந்து கழுத்தைப் பிடித்தது.

சட்டையை அப்படியே போட்டுவிட்டு, கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கத்தரிக்கோலை ஏன் எடுத்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அல்லது நன்றாகத் தெரிந்திருக்கும். தெருமுனையில் இரண்டு பெரிய சவுக்குக்கால் நட்டு, நடுவில் மூங்கிலைக் கயிறு போட்டு மேலே ஏற்றியிருந்தார்கள். மூங்கிலில் படுதா சுருட்டியபடியே கட்டியிருந்தது. சப்பரம் முக்குத் திரும்பும்போது சுருக்கை இழுத்தால் அப்படியே விழுந்து விரியும் என்பது மூக்காண்டியின் ஏற்பாடு. ரதவீதியில் ஜனம் நெரிந்தது. திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அம்பாளுக்கு வீச மடியில் கட்டிக்கொண்டு ஓரம் பிடித்து நின்றார்கள். ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றுகிற பெண்கள் ஈரத்தலையோடு யாரையும் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். முகம்மது ஹுசைன் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, தான் வரைந்தது விரியப்போவதைப் பார்க்க மனைவி மகபூப் பீவியையும் கூட்டிவந்து எதிர்க்கடை வாசலில் நிறுத்தியிருந்தார். வள்ளித்தாயைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

கருத்தப்பாண்டி கயிற்றின் கீழே நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தான்.

"இங்கேருங்க. படுதாவ இறக்கித் திருப்பிக் கட்டணும்."

"என்னது?"

"சாமி எடம் மாறி நிக்காரு. நான் கவுத்துப் போட்டுத் தச்சுட்டேன். நல்ல பக்கத்தக் காட்டுனா நீலம் அந்தப் பக்கம் போயிரும், செவப்பு இந்தப் பக்கம் வந்துரும்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மேளச்சத்தம் வருகிற திசையைப் பார்த்தான். "எந்தப் பக்கம் நின்னா என்னளா, ரெண்டும் ஒண்ணுதான. ரெண்டு பேரயும் ஒண்ணாப் பாக்கத்தான அம்பாளே தபசு இருந்துச்சி. விடு."

"அது என்னவே பேச்சு?" மூக்காண்டிக்கு மீசை துடித்தது. "ஒண்ணுதான்னா நீரு வேட்டிய தலையில கட்டிக்கிட்டு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வாரும் பாப்போம். இறக்குங்கலே மூங்கில!"

"பிசிறெல்லாம் தெரியும், அண்ணாச்சி" என்றான் கருத்தப்பாண்டி.

"தெரியட்டும்வே. நம்ம தச்ச துணி, நம்ம பிசிறு."

நாலு பேர் கயிற்றைத் தளர்த்த, மூங்கில் இறங்கித் தரையில் கிடந்தது. திருப்பிக் கட்ட வேண்டுமென்றால் முடிச்சுகளை அவிழ்த்துச் சுருளைப் பிரிக்கவேண்டும். பிரிக்கப் பிரிக்கக் கலசம் வந்தது, நிலை நிலையாகக் கோபுரம் வந்தது, கடைசிச் சுற்றில் வாசல் வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அந்த ஓரத்தைத் தன் மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிசிறு நீவுகிறவள்போல விரலை ஓட்டினாள். சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய குஞ்சம் வந்து கையில் நின்றது.

ஆண்கள் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் கையில் இருந்தது. ஒரு நறுக்கு. பார்வதி அருகில் வந்து பார்க்கவா போகிறாள்? வந்தாலும், திருப்பிக் கட்டும்போது எங்கேயோ மாட்டி அறுந்துவிட்டது என்றால் தீர்ந்தது. அப்போதும் அவள் வழக்கம்போல நிமிர்ந்தே போவாள். அவள் அப்படிப் போவதை இனிமேலும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று நினைத்தபோதுதான் வள்ளித்தாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எத்தனை தடவை குனிந்திருக்கிறோம் என்று தோன்றியது. புருஷனை நினைத்தால் பயம். அவன் அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் சங்கத்தில் நாலு பேர் முன்னால் அவன் தலை தொங்கிப்போகும். செயலாளர் வீட்டுக்காரியே கருங்காலித் துணியைச் சாமிக்குக் கட்டினாள் என்றால் அவன் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவான்? கத்தரிக்கோலின் இரண்டு வாயும் நூலைக் கவ்வியிருந்தன.

"ஏளா, முடிஞ்சுதா?" கருத்தப்பாண்டி கத்தினான்.

"முடிச்சுட்டேன்" என்று கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓரத்தை மடியிலிருந்து தள்ளிவிட்டாள். குஞ்சம் அப்படியே இருந்தது.

படுதாவைத் திருப்பிக் கட்டி, மறுபடி சுருட்டி, மூங்கிலை ஏற்றுவதற்கும் கொட்டுச்சத்தம் முக்குக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. மூக்காண்டி சுருக்கை இழுத்தார். கோபுரம் தலைகீழாக உருண்டு விழுந்து விரிந்தது. ஆடிக்காற்று அதை ஒரு தடவை உப்பவைத்துப் பிறகு விட்டது. சிவப்பு தன் இடத்தில், நீலம் தன் இடத்தில். எதிர்க்கடை வாசலில் முகம்மது ஹுசைன் கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று வள்ளித்தாய் நினைத்தாள்.

கோபுரத்தின்மேல் அத்தனை குஞ்சங்களும் காற்றில் ஆடின. யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு சிறுமி, "ஏ, அந்தா எங்க வீட்டுது!" என்று கையை நீட்டிக் கத்தினாள். அவ்வளவுதான், தெரு முழுக்கத் தேட ஆரம்பித்தது. அஞ்சாம் நிலையில் எங்களுது, கலசத்துக்குக் கீழே எங்களுது என்று ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்டிக் காட்டினார்கள். சீனியம்மாள் வாசலுக்கு நேரே வந்து நின்று தன் பச்சைக் குஞ்சத்தை நீலத்தில் தேடினாள். வாசல் ஆள் உயரத்தில்தான் தொங்கியது. கண்ணுக்குத் தப்ப வழியில்லை. தேடினவள் வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்றவள் பார்த்தாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் பார்த்தான். சிரிப்பு ஒவ்வொரு இடமாக அடங்கிக்கொண்டே வந்தது.

"இது சிவனாண்டி வீட்டுதுல்லா?" யாரோ கேட்டார்கள். கருத்தப்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

குஞ்சத்தைப் பார்த்தான். துணியை இரண்டு விரலால் பிடித்து நெருடிப் பார்த்தான். தறிக்காரன் கைக்கு நெசவு சொல்லாததை வாய் சொல்லிவிடப் போவதில்லை. பிறகு திரும்பி வள்ளித்தாயைப் பார்த்தான். அவள் குனியவில்லை. குனிந்துவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனால் குனியவில்லை.

"எந்தத் துணி இது?" என்றான் மெதுவாக.

"அந்த ராத்திரி ஓட்டுன பாவு" என்றாள். "விக்கல. உடுத்தல."

அவன் குஞ்சத்தைக் கையில் எடுத்தான். கத்தரி தேடவில்லை, தறிக்காரன் நூலை அறுக்கப் பல் போதும். அப்போதுதான் ஆடிச்சுற்றுப் பெண்களின் வரிசை ரதவீதியிலிருந்து அந்த முக்கைக் கடந்தது. அதில் பார்வதியம்மாள் இருந்தாள், ஈரச்சேலை, தலையில் வேப்பிலை, உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. யாரையும் பார்க்காமல் போகிறவள் நீலத்தைப் பார்த்துவிட்டாள். சுற்றும்போது நிற்கக் கூடாது என்பார்கள். அவள் நின்றாள். பின்னால் வந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கண் துணியிலிருந்து குஞ்சத்துக்கும், குஞ்சத்திலிருந்து அதைப் பிடித்திருந்த கைக்கும் போயிற்று. கருத்தப்பாண்டி நிமிர்ந்தபோது நேருக்குநேர் அவள் முகம்தான் இருந்தது.

கொட்டு அதிர்ந்தது. சப்பரம் முக்குத் திரும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். சம்சாரிகள் மடியை அவிழ்த்துப் பருத்தியை வாரி வீசினார்கள். வெள்ளை வெள்ளையாகச் சப்பரத்தின்மேலும் தலைகள்மேலும் படுதாவின்மேலும் வந்து விழுந்தது. தெருவில் அத்தனை கைகளும் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. மூக்காண்டியின் கை, சீனியம்மாளின் கை, தூரத்தில் பார்வதியின் கை. கருத்தப்பாண்டியின் ஒரு கையும் மேலே போனது. இன்னொரு கை குஞ்சத்திலேயே இருந்தது. அறுக்கப் பிடித்திருக்கிறானா, விட மனசில்லாமல் பிடித்திருக்கிறானா என்று வள்ளித்தாய்க்குத் தெரியவில்லை. சாமி கும்பிடக்கூட மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று படுதாவைப் பின்னால் தள்ளியது. கோபுரம் முழுவதும் உப்பிப் பின்னால் போக, நீலத்தின் அந்த ஒரு மூலை மட்டும் அவன் பக்கமாக இழுபட்டு நின்றது.